கைக்கு வந்த கோழிகள்

நாகஜோதி ஒரு கோழியைத் தூக்கினால் அதன் எடையைச் சொல்லிவிடுவாள். இறக்கைகளை ஒரு கையால் சேர்த்துப் பிடித்து, மறு கையை நெஞ்செலும்புக்குக் கீழே கொடுத்து, ஒரு மூச்சு நேரம் வைத்திருப்பாள். "மூணு அறநூறு" என்பாள். தராசு மூன்று கிலோ ஐந்நூற்று எழுபது காட்டும். ஐம்பது கிராமுக்கு மேல் தவறியதில்லை. பண்ணையில் அவளோடு வேலை பார்த்த மொக்கைச்சாமி, தீவன லாரியில் புதிதாக வருகிற டிரைவர்களிடம் இதை வைத்துப் பந்தயம் கட்டி டீ வாங்கிக் குடிப்பான்.

"எங்கக்கா கையில பாட்டரி போட்டிருக்கு மாப்ள" என்பான். "சார்ஜே எறங்காது."

பண்ணை உசிலம்பட்டிக்கும் எழுமலைக்கும் நடுவில், ரோட்டை விட்டு உள்ளே தள்ளி, மானாவாரிக் காட்டுக்குள் இருந்தது. நான்கு ஷெட்டுகள். ஷெட்டுக்கு அறுநூறு தாய்க்கோழிகள். இவை இடும் முட்டையைப் பொரித்துத்தான் கறிக்கோழிக் குஞ்சு எடுப்பார்கள். கூண்டு கிடையாது. உமி பரப்பிய தரையில் சேவல்களோடு திரியும். முட்டையிடச் சுவரோரம் வரிசையாக மரப்பெட்டிகள். முதலாளி ஸ்ரீராம்குமார் மதுரையில் இருந்தார். அப்பா கட்டிய பண்ணை என்பதால் வாரத்துக்கு ஒருமுறை வந்து, மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு ஷெட்டுகளைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போவார்.

நாகஜோதி வந்து இருபத்திரண்டு வருஷம் ஆகியிருந்தது. கல்யாணமான மூன்றாம் வருஷம் அவள் புருஷன் திருப்பூருக்கு வேலைக்குப் போனான். அங்கே அவனுக்கு வேறு குடும்பம் ஆகிவிட்டது. அவள் எழுமலையில் அண்ணன் அழகுபாண்டி வீட்டுக்கு வந்து பதினான்கு மாதம் இருந்தாள். மதினி சோலையம்மாள் ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை. நாகஜோதி இரண்டாம் தடவை சோறு வைத்துக்கொள்ளும்போது சட்டிக்குள் எட்டிப் பார்ப்பாள். அவ்வளவுதான். இவள் இரண்டாம் தடவை வைத்துக்கொள்வதை நிறுத்தினாள். அதன் பிறகும் மதினி எட்டிப் பார்த்தாள்.

பண்ணையில் ஆள் வேண்டுமாம் என்று காதில் விழுந்த அன்றே ஒரு பையோடு கிளம்பி வந்தாள். தீவனக் கிடங்கை ஒட்டி ஒரு அறை கொடுத்தார்கள். ஆஸ்பெஸ்டாஸ் கூரை, ஒரு ஜன்னல், உள்பக்கம் தாழ்ப்பாள் வைத்த கதவு. அந்தத் தாழ்ப்பாளைப் போட்டுப் பார்த்தாள். திறந்தாள். மறுபடி போட்டாள். அன்றிலிருந்து அந்த அறைதான் அவள் வீடு. எழுமலைக்குக் கல்யாணம் காட்சிக்குப் போனால் சாப்பிடாமல் திரும்பிவிடுவாள்.

தை மாதக் கடைசியில் ஸ்ரீராம்குமார் கால்நடை டாக்டரைக் கூட்டிக்கொண்டு வந்தார். பிரியம்வதா என்று பெயர். முப்பது வயதிருக்கும். கோழிகளுக்கு அறுபத்து நான்கு வாரம் முடிந்திருந்தது. நாளுக்கு நூறு கோழிக்கு நாற்பத்தைந்து முட்டைகூட விழவில்லை. வழக்கமாக இந்த வயதில் கறிக்கு ஏற்றிவிட்டுப் புதுக் குஞ்சு இறக்குவார்கள்.

"புதுசா எறக்கற எண்ணம் இல்லைம்மா" என்றார் ஸ்ரீராம்குமார். "சோலார்காரங்க எடத்தைக் கேட்டுட்டே இருக்காங்க. டாக்டர்தான் இதே கோழிகள்ல இன்னொரு ஈடு முட்டை எடுக்கலாம்னு சொல்றாங்க. கடைசியா ஒரு தடவை பாப்போம். நூத்துக்கு அறுபது வந்துச்சுன்னா பண்ணை இருக்கட்டும். வரலைன்னா எடத்தைக் குடுத்துடறேன்."

"குடுத்துட்டா அந்த ரூமு சார்?"

"எந்த ரூமு?"

அவள் கையைக் காட்டினாள். அவர் திரும்பிப் பார்த்தார். அங்கே ஒரு கொடியில் அவளுடைய சேலை காய்ந்துகொண்டிருந்தது. "ஓ" என்றார்.

டாக்டர் அவளைத் தனியாக உட்காரவைத்து விளக்கினாள். தீவனத்தை நிறுத்திவிட வேண்டும். தண்ணீர் மட்டும் கொடுக்கலாம். படுதாவை இறக்கி ஷெட்டை இருட்டாக்க வேண்டும். முட்டை நின்றுபோகும், பழைய இறகெல்லாம் கொட்டும், உடம்புக்குள் முட்டை உருவாகிற இடம் சுருங்கிப்போகும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தீனி கொடுத்தால் எல்லாம் புதிதாக வளரும். கோழி மறுபடி இளங்கோழி மாதிரி முட்டையிடும்.

"எத்தனை நாளுங்கம்மா பட்டினி?"

"நாள் கணக்கே கிடையாதுக்கா. எடைதான். இப்ப சராசரி மூணு தொள்ளாயிரம் இருக்கு. ரெண்டு எண்ணூத்தம்பதுக்கு எறங்கணும். அதுக்கு முன்னாடி தீனியத் தெறந்தா அடிவயித்துக் கொழுப்பு கரைஞ்சிருக்காது, பழசு சுருங்கியிருக்காது. அப்புறம் நீங்க என்ன போட்டாலும் முட்டை ஒழுங்கா வராது. ரொம்ப எறங்க விட்டா செத்துரும். அதனால எடை போடறதுல மட்டும் தப்பு வரக்கூடாது."

"அதெல்லாம் வராதும்மா."

எடை போடுவதற்கு ஒரு முறை இருந்தது. நான்கு பேர் வேண்டும். கம்பிவலை அடித்த இரண்டு தட்டிகளைப் பிடித்துக்கொண்டு கோழிகளை மெதுவாக ஒரு மூலைக்கு ஒதுக்கி வளைத்துவிட வேண்டும். வளைப்புக்குள் எத்தனை மாட்டுகிறதோ அத்தனையையும் எடை போட வேண்டும். ஒன்றைக்கூட விடக்கூடாது. துரத்திப் பிடித்த கோழிகளின் எடை கணக்கில் சேராது, ஏனென்றால் ஓட முடியாததுதான் கைக்கு வரும். இதை நாகஜோதிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவள்தான் மற்றவர்களைத் திட்டுகிறவள். "குனிஞ்சு எடுடா, வர்றத எடுக்காத, இருக்கறத எடு" என்று மொக்கைச்சாமியிடம் எத்தனையோ தடவை சத்தம் போட்டிருக்கிறாள்.

மாசி பிறந்ததும் தீவனத் தொட்டிகளைக் கயிற்றில் மேலே ஏற்றிக் கட்டினார்கள். முதல் இரண்டு நாள் ஷெட்டே இரைந்தது. நாகஜோதி உள்ளே போனால் அறுநூறு கோழிகளும் அவள் காலைச் சுற்றி வந்து கத்துவதாகத் தோன்றும். நான்காம் நாள் சத்தம் அடங்கியது. கோழிகள் தொட்டியைத் தூக்கிக் கட்டிய கயிற்றைக் கொத்தின. ஆணியைக் கொத்தின. ஒன்றின் இறகை ஒன்று பிடுங்கித் தின்றன. அவள் கால்விரல் மெட்டியைக் கொத்திவிட்டு அண்ணாந்து பார்த்தன. அந்தப் பார்வைக்கு அவள் படுதாவைச் சரிசெய்வதுபோலத் திரும்பிக்கொள்வாள்.

ஏழாம் நாள் தட்டி போட்டு எடை பார்த்தார்கள். மூன்று இருநூற்று இருபது.

"இன்னும் எம்புட்டுக்கா?" என்றான் மொக்கைச்சாமி.

"முந்நூத்தி எழுவது."

"வெரசா எறங்குங்கடி" என்று கோழிகளைப் பார்த்துச் சொன்னான். "நாங்க சாமி கும்பிடப் போகணும்ல."

எட்டாம் நாள் ஆட்கள் எல்லாரும் கிளம்பினார்கள். சிவராத்திரிக்கு மாசிப்பச்சை. அந்தப் பக்கத்துச் சனங்கள் வெளியூரில் எந்த வேலையில் இருந்தாலும் அன்றைக்குக் குலசாமி கோயிலுக்கு வந்துவிடுவார்கள். சாமிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவதும், கோயிலில் தங்குவதும், கிடா வெட்டித் திரும்புவதுமாக நான்கு நாள் ஆகும். முதலாளி தடுத்தாலும் நிற்க மாட்டார்கள்.

"நீ வரலையாக்கா?" என்று மொக்கைச்சாமி கேட்டான், கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"எந்தச் சாமிக்கு வர?"

கட்டிக்கொடுத்த பெண்ணுக்குப் பிறந்த வீட்டுச் சாமி இல்லை. புருஷன் வீட்டுச் சாமியிடம் போகப் புருஷன் இல்லை. வருஷா வருஷம் மாசிப்பச்சைக்குப் பண்ணையைப் பார்த்துக்கொள்வது அவள்தான். நான்கு ஷெட்டுக்கும் தண்ணீர் திறப்பாள், செத்ததைப் பொறுக்குவாள், கேட்டைப் பூட்டுவாள்.

பத்தாம் நாள் காலையில் பதினேழு செத்துக் கிடந்தன. முந்தின நாள் ஒன்பது. எல்லாவற்றையும் குழியில் போட்டு மண்ணைத் தள்ளிவிட்டு வந்தாள். அன்று எடை பார்க்க வேண்டிய நாள். தட்டி பிடிக்க ஆள் இல்லை. டாக்டரைக் கூப்பிட்டு ஆட்கள் வரட்டும் என்று சொல்லியிருக்கலாம். அதற்கு இன்னும் இரண்டு நாள். அதற்குள் இன்னும் எத்தனை சாகுமோ.

கொக்கித் தராசை எடுத்துக்கொண்டு தனியாக உள்ளே போனாள். எடை போட்டதையே மறுபடி போட்டுவிடாமல் இருக்க, பழைய சிவப்புச் சேலை ஒன்றைக் கிழித்து விரல் அகலத் துண்டுகளாக இடுப்பில் செருகிக்கொண்டாள். ஷெட்டுக்கு நாற்பது கோழி. பிடித்து, தொங்கவிட்டு, எழுதி, காலில் துணியைக் கட்டி விட்டாள். அவளுக்கு நாற்பத்தேழு வயது. உமித் தூசியில் பத்து வருஷமாக நெஞ்சு இழுக்கும். இரண்டு எட்டு ஓடினாலே நிற்க வேண்டியிருந்தது. அவள் போகப் போகக் கோழிகள் இரண்டு பக்கமும் விலகி ஓடின. சில ஓடவில்லை. சுவரோரம் உட்கார்ந்திருந்தன. அவற்றை எடுத்தாள்.

கையில் எடுக்கும்போதே நெஞ்செலும்பு கத்தி மாதிரி உறுத்தியது. ரெண்டு எழுநூறு, ரெண்டு தொள்ளாயிரம், ரெண்டு அறநூறு. தராசும் அதையே சொன்னது. எழுதினாள்.

நான்கு ஷெட்டையும் முடித்துக் கூட்டி வகுத்தாள். இரண்டு எண்ணூற்று நாற்பது.

மூன்று நாளில் இவ்வளவு இறங்குமா என்று ஒரு கணம் தோன்றியது. மறுபடி கூட்டினாள். கூட்டலில் தப்பில்லை. அந்த எண் வரவேண்டும் என்று அவள் ஆசைப்பட்டிருந்தாள். வந்துவிட்டது. டாக்டருக்கு போன் போட்டாள்.

"சூப்பர்க்கா" என்றாள் பிரியம்வதா. "தட்டி போட்டுத்தானே எடுத்தீங்க?"

"ஆமாம்மா."

"அப்ப இன்னைக்கே தீவனத்தை எறக்கிருங்க. தலைக்கு நாப்பது கிராம். நாளுக்கு நாள் கொஞ்சம் கூட்டணும்."

தொட்டிகளை அவளே ஒவ்வொன்றாக அவிழ்த்து இறக்கினாள். கோழிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி விழுந்து தின்றன. ஷெட்டில் வேறு சத்தமே இல்லை, மூக்கு தகரத்தில் படுகிற சத்தம்தான். பார்த்துக்கொண்டே நின்றாள். அன்று மத்தியானம் அவளும் வயிறு நிறையச் சாப்பிட்டாள்.

ஆட்கள் திருநீற்றோடு திரும்பி வந்தார்கள். மொக்கைச்சாமி ஷெட்டுக்குள் நுழைந்து தரையைப் பார்த்தான்.

"தீனி போட்டாச்சாக்கா? அதுக்குள்ளயா?"

"எடை வந்துருச்சு."

"எறகக் காணமே. நான் முன்னாடி இருந்த பண்ணையில சாக்குச் சாக்கா அள்ளுனோம்."

"கொட்டும்டா. உனக்கு இப்ப எறகு எதுக்கு, மெத்தை தைக்கப் போறியா?"

அவன் சிரித்தான். இறகு கொஞ்சம் கொட்டியது. கால் சாக்கு தேறியது. பெரும்பாலான கோழிகளின் இறக்கையில் பழைய நீள இறகுகள் அப்படியே இருந்தன, நுனி தேய்ந்து, அழுக்காக. சில கோழிகளில் மட்டும் அவை உதிர்ந்து புதுக் குருத்து முளைத்தது. எந்தக் கோழிகள் என்று அவள் பார்க்கவில்லை. பங்குனி முழுக்க அவள் கோழிகளின் கால்களைப் பார்ப்பதைத் தவிர்த்தாள்.

பங்குனிக் கடைசியில் முதல் முட்டை விழுந்தது. நல்ல கெட்டி ஓடு. அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். ஒரு வாரத்தில் நூற்றுக்குப் பத்து ஆனது. பிறகு பதினெட்டு. இருபத்தாறு. ஒவ்வொரு நாளும் எண்ணை முதலாளிக்கு அனுப்பினாள். அவர் கட்டைவிரல் படம் ஒன்று பதிலுக்கு அனுப்புவார். சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்கிய வாரம் மதுரைக்குள் வண்டி நகரவில்லை என்று அவர் வரவில்லை. அந்த வாரம் முப்பத்தைந்து தொட்டது. அடுத்த வாரம் முப்பத்தெட்டு. அதற்கடுத்த வாரமும் முப்பத்தெட்டு. கட்டைவிரல் வருவது நின்றது.

ஒருநாள் காலை முட்டை பொறுக்கும்போது ஒரு பெட்டியில் உட்கார்ந்திருந்த கோழியைத் தள்ளினாள். காலில் சிவப்புத் துணி. அடுத்த பெட்டியில் இருந்ததற்கும் துணி. ஷெட்டில் அறுநூறுக்கு நாற்பது கோழிக்குத்தான் அவள் துணி கட்டியிருந்தாள். அன்று அந்த வரிசையில் உட்கார்ந்திருந்த இருபத்திரண்டு கோழிகளில் ஒன்பதுக்குத் துணி இருந்தது. மற்ற மூன்று ஷெட்டையும் அவள் எண்ணவில்லை. எண்ண வேண்டியதில்லை.

அன்றைக்கு அவள் கைக்கு வந்தவையும் அவற்றைப் போல ஓட முடியாதிருந்த மற்றவையும்தான் உண்மையாகவே இளைத்திருந்தன. அவைதான் இப்போது இளங்கோழி மாதிரி தினமும் இட்டன. விலகி ஓடியவை கொழுப்போடு ஓடின. அவற்றுக்குப் பட்டினி பாதியில் முடிந்துவிட்டது.

முடி வெட்டுகிற கத்திரி ஒன்றைச் சேலை மடிப்பில் வைத்துக்கொண்டாள். கண்ணில் பட்ட துணியையெல்லாம் வெட்டி எடுத்தாள். ஒரு வாரத்தில் நூற்றுக்கு மேல் எடுத்துவிட்டாள். அவற்றை அடுப்பில் போட்டாள்.

வைகாசியில் டாக்டர் தனியாக வந்தாள். முகம் வாடியிருந்தது. "சார் என்மேல கோவமா இருக்கார். வெயில்தான் காரணம்னு சொல்லிப் பாத்தேன். நம்பலை. வெட்டிப் பாத்துரலாம்க்கா. முட்டையிடற கோழி ஒண்ணு, இடாதது ஒண்ணு கொண்டாங்க."

இடுப்பெலும்புக்கு நடுவே மூன்று விரல் நுழைந்தால் இடுகிற கோழி. நாகஜோதி மூன்றாம் ஷெட்டுக்குள் போய் ஒன்றைத் தடவிப் பார்த்து எடுத்தாள். எடுத்த பிறகுதான் காலைப் பார்த்தாள். வெட்டாமல் விட்டுப்போன துணி, நிறம் வெளுத்து, அழுக்கேறி இருந்தது. கத்திரி மடியில்தான் இருந்தது. டாக்டர் வெளியே நின்றாள். நேரம் இருந்தது. அதையும் இடாதது ஒன்றையும் அப்படியே கொண்டுபோய்க் கொடுத்தாள்.

இடாத கோழியை முதலில் அறுத்தார்கள். வயிற்றுக்குள் மஞ்சள் கொழுப்பு கையளவு பாளமாக இருந்தது. முட்டை உருவாகிற இடத்தில் சுருங்கவும் செய்யாமல், வளரவும் செய்யாமல் வதங்கிய மணிகள். இரண்டாவதில் கொழுப்பே இல்லை. சிறிதும் பெரிதுமாக மஞ்சள் கருக்கள் கொத்தாக, பளபளவென்று வரிசை கட்டி நின்றன.

"ஒரே ஷெட்டு, ஒரே தீனி" என்றாள் டாக்டர். அப்புறம் காலைப் பார்த்தாள். "இது என்ன துணி?"

நாகஜோதி சொன்னாள். தட்டி போடவில்லை என்று சொன்னாள். தனியாகப் போனது, ஓட முடியாமல் போனது, கைக்கு வந்ததை எடுத்தது, போனில் ஆமாம் என்றது, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். டாக்டர் கையுறையைக் கழற்றாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு நாள் வெயிட் பண்ணிருக்கலாமேக்கா."

"ஆமாம்மா."

"ஒரு வார்த்தை எங்கிட்ட சொல்லிருந்தா நானே வந்து தட்டி பிடிச்சிருப்பேன்."

டாக்டர் வந்து தட்டி பிடிப்பாள் என்பது நாகஜோதிக்குத் தோன்றவே இல்லை. அறுத்ததைச் சாக்கில் அள்ளிக்கொண்டே கேட்டாள்: "இன்னொரு வாட்டி பட்டினி போட்டா?"

"இந்த வெயில்லயா? செத்துரும். பாதி தேறாது." கத்தியைத் துடைத்தாள். "சார்கிட்ட நான் சொல்லட்டா?"

"நானே சொல்றேம்மா. உங்க மேல இல்லைன்னு தெரியட்டும்."

அப்போதே போன் போட்டுச் சொன்னாள். ஸ்ரீராம்குமார் குறுக்கிடாமல் கேட்டார். ஏசுவார் என்று போனைக் காதிலிருந்து சற்றுத் தள்ளிப் பிடித்திருந்தாள். "சரி" என்றார். வைத்துவிட்டார்.

ஆனி முதல் வாரம், விடிந்தும் விடியாத நேரத்தில் பரவையிலிருந்து வியாபாரி தங்கப்பாண்டி இரண்டு லாரியோடு வந்தார். கோழிகளைத் தட்டி போட்டு வளைத்து, கால்களைப் பிடித்துத் தலைகீழாக அள்ளி, பெட்டி பெட்டியாக எடை போட்டு ஏற்றினார்கள். ஒன்றைக்கூட விடவில்லை. தங்கப்பாண்டிக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"வயசான கோழி எலும்பும் தோலுமா இருக்கும்னு பயந்துக்கிட்டே வந்தேன்ணே. நல்ல கனம்! யாரு தீனி போட்டது?"

மொக்கைச்சாமி நாகஜோதியைப் பார்த்தான். அவனுக்கு ஆண்டிபட்டிப் பக்கம் செங்கல் சூளையில் வேலை கிடைத்திருந்தது.

நான்காம் ஷெட்டில் கடைசியாக ஒரு கோழி மிச்சமிருந்தது. முட்டைப்பெட்டிகளுக்குப் பின்னால் ஓடி ஒளிந்து, தட்டிக்குத் தப்பி, மறுபக்கம் ஓடியது. லாரிக்காரர்கள் சலித்துப்போய் விட்டுவிடலாம் என்றார்கள். நாகஜோதி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பின்னால் போனாள். இரண்டு தடவை ஷெட்டின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை. நெஞ்சு இழுத்தது. நின்றாள். மறுபடி போனாள். மூலையில் மடக்கி இறக்கைகளைச் சேர்த்துப் பிடித்தாள். மறு கையை நெஞ்சுக்குக் கீழே கொடுத்தாள்.

"எம்புட்டுக்கா?" என்றான் மொக்கைச்சாமி, பழக்கத்தில்.

"நாலு நூறு."

லாரிக்காரன் அதைக் கொக்கியில் மாட்டினான். நாலு நூற்று இருபது காட்டியது. "யம்மா!" என்றான். "தராசே வேணாம் போல. தொட்டாலே தெரிஞ்சிருமா உங்களுக்கு?"

"தெரியும்" என்றாள்.

மொக்கைச்சாமி அவளுடைய தகரப்பெட்டியைத் தன் டிவிஎஸ் எக்ஸெல்லின் முன்னால் வைத்தான். அவள் அறைக்குள் போய் விளக்குமாற்றால் ஒருமுறை கூட்டினாள். வெளியே வந்து கதவைச் சாத்தினாள். வெளிப்பக்கம் தாழ்ப்பாள் இல்லாததால் கதவு மெதுவாகத் திறந்துகொண்டது. அதை மறுபடி சாத்தவில்லை. பின்னால் ஏறி உட்கார்ந்தாள். வண்டி எழுமலைப் பக்கம் திரும்பியது.

அண்ணன் வீட்டில் சோலையம்மாள் சோறு வடித்து வைத்திருந்தாள். "கை கழுவிட்டு வா நாகு" என்றாள், பிரியமாகத்தான். நாகஜோதி உட்கார்ந்தாள். போட்டதைச் சாப்பிட்டாள். "இன்னும் கொஞ்சம் வைக்கட்டா?" என்று மதினி கரண்டியோடு சட்டியை எட்டிப் பார்த்தாள்.

"போதும் மதினி" என்று வட்டிலிலேயே கை கழுவினாள்.